கயித்துக்குப் போட்ட புளிச்சை

ஆவணி மாசம் ஓ.பி.யில் ஒரு பெரியவர் வந்தார். ராசிபுரம் பக்கத்துக் காட்டுக்காரர், எழுபத்தெட்டு வயசு. இடது சிறுநீரகத்தில் 6 மில்லிமீட்டர் கல். ஸ்கேனைப் பார்த்துட்டு வழக்கமாச் சொல்றதைச் சொன்னேன். தண்ணி நிறையக் குடிங்க, உப்பைக் குறைங்க, புளிச்சக்கீரை, பசலை ரெண்டையும் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வைங்க.

"நிறுத்திப்புடறனுங்க" என்றார், கொஞ்சமும் வருத்தப்படாம. "அதென்னுங்க, நாங்க திங்கறதுக்கா புளிச்ச போட்டோம்? கயித்துக்குப் போட்டமுங்க. கீர சும்மா கெடச்சுதுங்க."

மருந்துச் சீட்டு எழுதற கை நின்னுருச்சு. இந்தச் சமவெளியில் பிறந்து, வாரம் ஒரு தடவையாவது புளிச்சக்கீரை கடைசலும் களியும் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். அது கயிறுன்னு எனக்கு யாரும் சொன்னதில்லை. அன்னிக்கு ராத்திரி பழைய புத்தகங்களைப் புரட்ட ஆரம்பிச்சேன். இந்த இழை கொஞ்சம் நீளமாப் போகும். சாவகாசமா உட்கார்ந்து படிங்க.

முதல்ல செடி. உங்களுக்குத் தெரிஞ்ச புளிச்சக்கீரை என்பது சந்தையில் ஒரு சாண் ஒன்றரைச் சாண் உயரத்துக்குப் பிடுங்கிக் கட்டி வைக்கிற இளஞ்செடி. அதை யாரும் பறிக்காம விட்டா என்ன ஆகும்னு யோசிச்சிருக்கீங்களா? ஆள் உயரத்தைத் தாண்டும். தண்டில் சின்னச் சின்ன முள் வரும். கீழ் இலை அகலமா இருக்கும், மேலே போகப்போக விரல் விரிச்ச கை மாதிரி பிரியும். அப்புறம் பூக்கும். வெளிர் மஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பு. காலையில் விரிஞ்சு வெயில் ஏறினதும் சுருங்கிடும். வெண்டைப்பூன்னு தோணும். தப்பில்லை, ரெண்டும் ஒரே குடும்பம்தான். செம்பருத்தி, பருத்தி, பூவரசு, துத்தி எல்லாம் அதே வம்சம்.

தாவரவியலில் பெயர் ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ். 1759-ல் லின்னேயஸ் வைத்தது. கன்னாபினஸ் என்றால் கஞ்சாவைப் போன்றது. அந்த விரல் பிரிந்த இலைக்காகத்தான். பயப்படாதீங்க, ஒற்றுமை இலையின் வடிவத்தோடு சரி. உலகச் சந்தையில் இதுக்குப் பேர் கெனாஃப். ஆங்கிலேயர் ஆவணங்களில் தக்காணச் சணல். விசாகப்பட்டினம் பக்கத்து பீமுனிப்பட்டினம் துறைமுகம் வழியா ஏற்றுமதி ஆனதால் பிம்லிப்பட்டம் சணல் என்றும் ஒரு பேர்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துடறேன். தேநீராக் குடிக்கிற சிவப்புப் புல்லிவட்டம், கடையில் 'ரோசெல்' என்று விற்பது, வேறு செடி. ஹைபிஸ்கஸ் சப்டாரிஃபா. ஆந்திராவில் கோங்குரா என்ற பேரில் இந்த ரெண்டும் புழங்கும். நம்ம புளிச்சைக்கு 36 குரோமோசோம், அதுக்கு 72. ஒண்ணுவிட்ட சொந்தம்னு வெச்சுக்குங்க. இது ஏன் முக்கியம்னு கடைசியில் வரும்.

இந்தச் செடியின் சொந்த ஊர் எதுன்னு நினைக்கிறீங்க? சேலம் இல்லை, தமிழ்நாடு இல்லை, இந்தியாவே இல்லை. காட்டுச் செடியா இது தானா முளைச்சுக் கிடக்கிறது ஆப்பிரிக்காவில். மழைக்கும் வறட்சிக்கும் நடுவே ஊசலாடுகிற புல்வெளிப் பகுதிகளில். அங்கிருந்து எந்தக் காலத்தில் யார் மடியில் இந்த விதை இங்கே வந்ததுன்னு கேட்டா, இது தனியா வரலைங்கிறதை முதல்ல சொல்லணும். ராகி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. சோளமும் கம்பும் அப்படித்தான். அவரை, தட்டப்பயறு, ஆமணக்கு, ஏன், புளியமரமே ஆப்பிரிக்கா. கர்நாடகத்தில் ஹல்லூர் அகழாய்வில் கம்பு கிடைச்சிருக்கு, இன்னிக்கு மூவாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின காலக்கணக்கில். அரபிக்கடல் வழியா ஒரு பயிர்க்கூட்டமே வந்து நம்ம மானாவாரிக் காட்டில் குடியேறியிருக்கு.

இப்போ உங்க தட்டைப் பாருங்க. களி ஆப்பிரிக்கா. கீரை ஆப்பிரிக்கா. அதில் கிள்ளிப் போட்ட மிளகாய் மெக்சிகோ. கூடவே கடிச்சுக்கிற நிலக்கடலை தென்னமெரிக்கா. நல்லெண்ணெய் மட்டும் இந்த நாட்டுச் சொத்து. பக்கத்தில் கொள்ளு ரசம் இருந்தா அதுவும் இந்த மண். "மண்ணின் பாரம்பரிய உணவு" என்று யாராவது மேடையில் முழங்கும்போது எனக்கு இந்தத் தட்டு ஞாபகம் வந்துடும். குறையாச் சொல்லலை. ஆயிரக்கணக்கான வருஷம் ஒரு ஊரில் விதைச்சு, அறுத்து, மறுபடி விதைச்சவனுக்கு அந்த விதை சொந்தம்தான். ஆனா வந்த கதையையும் சேர்த்துச் சொல்லணும்.

சரி, கயிறு.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் விரியறது பெரும்பாலும் செம்மண் மானாவாரி பூமி. காவிரிக் கரையோரமும் ஏரிப் பாசனமும் போக மீதியெல்லாம் வானத்தையும் கிணற்றையும் நம்பியது. கிணறு என்றால் அந்தக் காலத்தில் என்ன? பாறையை வெட்டி இறங்கிய பெரிய குழி. அதிலிருந்து தண்ணி மேலே வர ரெண்டு மாடு, ஒரு சால், கயிறு. எங்க பக்கம் கவலை என்பார்கள், தெற்கே கமலை. சரிவில் மாடு இறங்க இறங்கச் சால் மேலே ஏறும். மாடு பின்வாங்கச் சால் உள்ளே போகும். விடிகாலையில் தொடங்கி வெயில் ஏறும்வரை இதேதான்.

இந்த முழு ஏற்பாட்டில் முதல்ல தேயறது கயிறு. ஈரத்தில் நனைஞ்சு, உருளையில் உரசி, வெயிலில் காய்ஞ்சு, மறுபடி நனையும். பாதியில் அறுந்தா சால் கிணற்றுக்குள், மாடு சரிவில் குப்புற. காசு கொடுத்துக் கயிறு வாங்குகிற நிலைமை எல்லாருக்கும் இல்லை. அதனால காட்டிலேயே கயிறும் விளைஞ்சாகணும்.

இந்த இடத்தில் பெரியவரை மறுபடி கேட்டேன். கல் விஷயமா அவர் மறுநாள் ரத்தப் பரிசோதனை முடிவோட வந்தபோது, நோயாளிகள் கூட்டம் குறையும்வரை உட்காரவைச்சு. எதுக்கு எந்த நார்?

"கவலை வடத்துக்கு சணப்பு, கத்தாழ. அதுதான் தாங்குமுங்க. வூட்டுக் கெணத்துத் தாம்புக்கயிறு, கன்னுக்குட்டித் தும்பு, தலக்கயிறு, கட்டலுக்குக் கயிறு, இதுக்கெல்லாம் புளிச்சதானுங்க. ராயிக் காட்டைச் சுத்தி ஓரமா ரெண்டு சால் வெதச்சு வுட்டா ஒரு வருசத்துக்கு ஆச்சு."

ஆடிப்பட்டத்தில் விதைப்பு. எளசா இருக்கும்போது நுனியைக் கிள்ளிக் கீரை. கிள்ளினது போக நிக்கறதை வளரவிடணும். இந்தச் செடி பகல் குறையறதைக் கணக்குப் பார்த்துப் பூக்கிற ரகம். ஐப்பசி வாக்கில் பூக்கத் தொடங்கும்போது அறுத்தால்தான் நார் மிருதுவா வரும். விதை முற்றும்வரை விட்டா நார் முரடாகிடும். அதனால விதைக்குன்னு ஓரத்தில் பத்துச் செடியை மட்டும் விட்டுட்டு மீதியை அறுத்து, கட்டுக் கட்டி, ஏரியிலோ குட்டையிலோ முக்கி, மேலே கல் வைச்சு அழுத்திடுவாங்க. ரெண்டு வாரம் போல ஊறும். பட்டையில் நாரை ஒட்டவைச்சிருக்கிற பசையைத் தண்ணியில் இருக்கிற பாக்டீரியா தின்னு தீர்க்கும். குறைவா ஊறினா நார் பிரியாது, அதிகமா ஊறினா நாரே அழுகிடும். எந்த நாள் எடுக்கணும்னு மோந்து பார்த்தே சொல்ற ஆளுங்க இருந்தாங்களாம். அந்த நாத்தத்தைப் பத்திச் சொல்லும்போது மட்டும் பெரியவர் முகம் சுளிச்சார். அடிச்சு, அலசி, காயப்போட்டு, திண்ணையில் உட்கார்ந்து தொடையில் உருட்டித் திரிச்சா கயிறு. உரிச்ச குச்சி அடுப்புக்கு.

ஆக, ஒரு செடி, நாலு வேலை. கீரை அதில் முதல்ல வந்த வேலையே தவிர, முக்கியமான வேலை இல்லை.

அடுத்து வர்ற பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. காரணம் சுயநலம். இந்த நாரைத் தேடிப் படிச்சா எங்கே திரும்பினாலும் ஒரு டாக்டர் நிக்கிறார்.

அன்றைய கப்பற்படைக்குக் கயிறு என்பது இன்றைய விமானப்படைக்கு எரிபொருள் மாதிரி. பாய்மரக் கப்பல் முழுக்கக் கயிறு. பிரிட்டனுக்கு அந்தச் சணல் பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து வந்தது. ரஷ்யாவோட உறவு கெட்டா கப்பல் நிக்கும். அதனால கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் மாற்று நார் தேடியது. தேடுகிற வேலையைச் செய்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். ஸ்காட்லாந்துக்காரர், 1776-ல் மதராஸுக்கு உதவி அறுவை மருத்துவரா வந்தவர், 1793 முதல் கல்கத்தா தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளர். அவர் சோதிச்ச நார்ச்செடிகளில் நம்ம புளிச்சையும் ஒண்ணு. சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய அவருடைய பெரிய படத்தொகுப்பிலும் இது இடம்பெற்றது.

அடுத்தவர் நமக்கு இன்னும் பக்கம். ராபர்ட் வைட். இவரும் ஸ்காட்லாந்து, எடின்பரோவில் மருத்துவம் படிச்சவர், 1819-ல் மதராஸ் வந்தார். 1842-லிருந்து பத்து வருஷத்துக்கு மேல் கோயம்புத்தூரில் இருந்தார். வைத்தியம் பார்க்க அல்ல, கம்பெனியின் சோதனைப் பருத்திப் பண்ணைகளை மேற்பார்க்க. மான்செஸ்டர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தியை இங்கே விளைவிக்கணும் என்பது திட்டம். அது எதிர்பார்த்தபடி நடக்கலை. ஆனா பருத்திக்காக வந்த மனுஷர் பருத்தியின் பங்காளியான புளிச்சையையும் மத்த உள்ளூர் நார்களையும் கயிறாத் திரிச்சு, எவ்வளவு எடையில் அறுகிறதுன்னு அளந்தார்.

அந்தக் கணக்கு அச்சில் இருக்கு. தேங்காய் நார் 224 பவுண்டு. புளிச்சை 290. மருள் 316. பருத்தி 346. கற்றாழை 362. சணப்பு 407. எல்லாத்துக்கும் மேல எருக்கம் நார், 552 பவுண்டு. நம்ம அளவில் சொன்னா புளிச்சைக் கயிறு சுமார் 131 கிலோ தாங்கியது, சணப்பு 185, எருக்கு 250.

பெரியவர் சொன்னதை மறுபடி படிங்க. "வடத்துக்கு சணப்பு, கத்தாழ. தாம்புக்குப் புளிச்ச." எந்தத் தராசும் இல்லாம அந்த வரிசை இந்தக் காட்டில் இருந்திருக்கு. வைட் அளந்து எழுதினார், அவ்வளவுதான். எருக்கு மட்டும் ஏன் பயன்பாட்டில் பெரிசா வரலை? எருக்கம்பட்டையிலிருந்து நார் எடுக்கிறது கையால் கிழிக்கிற வேலை, கொஞ்சமாத்தான் வரும். பலத்தை அளந்த பட்டியலில் உழைப்புக்கு ஒரு கட்டம் இல்லை.

அந்தப் பட்டியலில் புளிச்சைக்கு எதிரே ஆங்கில எழுத்தில் ஒரு உள்ளூர்ப் பெயர் இருக்கு. 'பூலேமுங்கு' என்று படிக்கத் தோணும். கொஞ்சம் உரக்க வாசிச்சுப் பாருங்க. புளிமஞ்சி! யாரோ ஒருத்தர் அவர்கிட்ட இது புளிமஞ்சிங்க துரைன்னு சொல்லியிருக்கார். அந்த யாரோ யாருன்னு ஏடு சொல்லாது. வைட்டோட படங்களை வரைஞ்ச ரங்கையா, கோவிந்து என்ற ரெண்டு ஓவியர்களின் பெயராவது தப்பிச்சது. கயிறு திரிச்சவர் பெயர் தப்பலை.

மூன்றாவது டாக்டர் அலெக்ஸாண்டர் ஹன்டர். 1850-ல் மதராஸில் ஓவியப் பள்ளி தொடங்கினவர், இன்றைய எழும்பூர் கவின்கலைக் கல்லூரியின் மூலவர். இவரும் அறுவை மருத்துவர், இவருக்கும் நார்ப்பித்து. நான்காவது ஜான் ஃபோர்ப்ஸ் ராயல். கான்பூரில் பிறந்தவர், கம்பெனி மருத்துவர், பிறகு லண்டனில் மருந்தியல் பேராசிரியர். கிரிமியப் போர் நடந்து ரஷ்யச் சணல் நின்றுபோன நேரத்தில், 1855-ல், இந்திய நார்ச்செடிகள் பற்றி ஒரு முழுப் புத்தகம் போட்டார். வைட் அளந்த கணக்கு நமக்குக் கிடைக்கிறது அந்தப் புத்தகத்தில்தான். போர் முடிஞ்சது, அவசரமும் முடிஞ்சது. அப்புறம் சணல் என்றால் வங்காளம் என்று ஆகிப்போச்சு.

நாலு பேரும் டாக்டர்கள். ஆனா அவங்க தேடினது கப்பலுக்குக் கயிறு. இந்த இலையைத் தின்னுகிட்டிருந்த ஜனங்களின் உடம்பைப் பத்திய கணக்கு அந்தப் பட்டியலில் வராது. அது அவங்க எஜமானர் கேட்ட கேள்வி இல்லை.

கயிறும் உடம்பும் சந்திக்கிற ஒரு இடம் உண்டு, கிணறு. நரம்புச் சிலந்தின்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? உங்க தாத்தா பாட்டி கேள்விப்பட்டிருப்பாங்க. படிக்கட்டு வெச்ச கிணற்றில் காலை நனைச்சு இறங்கிக் குடத்தை முக்குவாங்க. காலில் இருக்கிற புண்ணிலிருந்து புழு தன் குஞ்சுகளைத் தண்ணியில் விடும். கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சி அதைத் தின்னும். அந்தத் தண்ணியைக் குடிக்கிறவர் உடம்பில் ஒரு வருஷம் வளர்ந்து, முக்கால் மீட்டர் ஒரு மீட்டர் நீளப் புழுவாக் காலைப் பிளந்துகிட்டு வெளியே வரும். ஒரு குச்சியில் தினம் கொஞ்சம் கொஞ்சமாச் சுற்றி எடுக்கணும். அறுந்தா சீழ். மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. ஒழிச்சது எப்படி? தண்ணியை வடிகட்டிக் குடிச்சு, படிக்கிணற்றை மூடி, கைப்பிடிச்சுவர் கட்டி, மேலேயிருந்து கயிறும் வாளியும் விட்டு இறைக்கவைச்சு. அடிபம்பும் வந்தது. இந்தியா 1983–84-ல் ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது நோய் இருந்த ஏழு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒண்ணு. நாட்டின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானில். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது.

புளிச்சைக் கயிறு நரம்புச் சிலந்தியை ஒழிச்சதுன்னு இதை ஃபார்வர்டு பண்ணிடாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன். கால் நனையாம தண்ணி எடுக்க ஒரு தாம்புக்கயிறு என்பது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்ல வந்தேன்.

பஞ்சத்தையும் தாண்டிப் போக முடியாது. 1876–78, தாது வருஷப் பஞ்சம். சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 1871 கணக்கெடுப்பில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம், 1881-ல் சுமார் 16 லட்சம். வளர்ந்திருக்க வேண்டிய பத்து வருஷத்தில் அஞ்சில் ஒரு பங்குக்குக் கிட்டக் காணோம். கீரைதான் ஜனங்களைக் காப்பாத்தியதுன்னு இப்போ உருக்கமா எழுதறாங்க. நூறு கிராம் கீரையில் இருக்கிற கலோரி அரை இட்லி, ஒரு இட்லிக்குச் சமம். கீரை பசியை ஏமாத்தும், உயிரைப் பிடிச்சு வைக்காது. அந்தச் சண்டையைப் போட்டவரும் ஒரு டாக்டர்தான். நிவாரண வேலை செய்கிற ஆளுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும்னு ரிச்சர்டு டெம்பிள் உத்தரவு போட்டபோது, மதராஸ் மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இந்தக் கூலியில் ஆள் பிழைக்கமாட்டான்னு அரசாங்கத்தோட எழுத்தில் மல்லுக்கட்டினார். கப்பலுக்குக் கயிறு தேடின டாக்டர்களைப் பத்திப் படிச்சுட்டு இவர்கிட்ட வந்தப்போ எனக்கு மூச்சு வந்தது.

கயிறு எப்போ போச்சு? ஒரே நாளில் இல்லை. 1934-ல் மேட்டூர் அணை, 1937-ல் அங்கே மின் உற்பத்தி. அம்பது அறுபதுகளில் காட்டுக் காட்டுக்குக் கரண்ட் கம்பம். மோட்டார் வந்ததும் கவலை நின்னது. கவலை நின்னதும் வடம் வேண்டாம், மாடு குறைஞ்சது, மாடு குறைஞ்சதும் தும்பும் தலைக்கயிறும் குறைஞ்சது. மிச்சத்துக்கு நைலான் வந்தது. நாமக்கல் லாரிகளில் லோடு கட்டற கயிற்றைப் பாருங்க, நீலம், பச்சை, மஞ்சள். எல்லாம் பெட்ரோலியப் பிள்ளைகள். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்தபிறகு கிணறே ஆறரை அங்குல ஓட்டையாச்சு. அதில் எந்தத் தாம்பை விடறது? இன்னொரு பக்கம், ரெண்டாம் உலகப்போரில் ஜவ்வரிசி இறக்குமதி நின்னு, 1943 வாக்கில் சேலத்தில் அந்தத் தொழில் பிறந்து, மானாவாரிக் காடெல்லாம் மரவள்ளிக்குப் போச்சு. ராகியே சுருங்கினப்போ ராகிக் காட்டு ஓரத்துப் புளிச்சை எங்கே நிக்கும்?

வேடிக்கை என்னன்னா, இங்கே இது போய்க்கிட்டிருந்த அதே காலத்தில் உலகம் இதைத் தேடிக்கிட்டிருந்தது. 1947 பிரிவினையில் சணல் ஆலைகள் கல்கத்தாப் பக்கமும், நல்ல சணல் விளைகிற நிலம் கிழக்குப் பாகிஸ்தானிலும் மாட்டிக்கிச்சு. பற்றாக்குறையை ஈடுகட்ட இந்தியாவில் மெஸ்தா என்ற பேரில் புளிச்சை, ரோசெல் சாகுபடியைப் பெருக்கினாங்க. மரத்தை வெட்டாமக் காகிதம் செய்ய அமெரிக்க விவசாயத் துறை பல நூறு செடிகளை அலசி இதைத் தேர்ந்தெடுத்தது. 1987-ல் கலிஃபோர்னியாவில் ஒரு நாளிதழ் சோதனையா கெனாஃப் காகிதத்தில் அச்சாச்சு. இப்போ கார் கதவுகளின் உட்பலகையில் இந்த நார் இருக்கு. நம்ம ஊரில் கட்டு இத்தனை ரூபாய்னு கீரையா மட்டும் மிஞ்சியிருக்கு.

அப்படி மிஞ்சினதாலதான் என் தொழிலில் ஒரு தலைவலி.

போன வருஷம் ஒரு பொண்ணு, ஏழு மாச கர்ப்பம், மாடி ஏறினா மூச்சு வாங்குதுன்னு வந்தாள். ஹீமோகுளோபின் 6.8. இரும்பு மாத்திரை கொடுத்தாங்களா கண்ணுன்னு கேட்டேன். கொடுத்தாங்க சார், குமட்டுச்சு, நிறுத்திட்டேன், அதுக்குப் பதிலா தினமும் புளிச்சக்கீரை சாப்பிடறேன், அது ரத்தம் ஊறும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. அன்னிக்கே அட்மிஷன் போட்டோம். தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. ஆனா அந்த ராத்திரி நான் சரியாத் தூங்கலை.

கணக்கைச் சொல்றேன். அரசு கொடுக்கிற ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு. நூறு கிராம் புளிச்சக்கீரையில் சில மில்லிகிராம்தான், அதிலும் செடியில் இருக்கிற இரும்பை நம்ம குடல் கொஞ்சமாத்தான் எடுத்துக்கும். கீரையில் இருக்கிற வைட்டமின் சி உறிஞ்சறதுக்கு உதவும், ஆனா கடைசலுக்கு வேகவைக்கிறதில் அது பெரும்பகுதி போயிடும். கீரை நல்ல சாப்பாடு. ரத்தசோகைக்கு மருந்து இல்லை. மாத்திரை குமட்டினா ராத்திரி படுக்கப்போகும்போது போடுங்க, இல்லை மாத்தித் தரச் சொல்லுங்க. நிறுத்தாதீங்க.

பி.பி.க்கு நல்லதாமேன்னு கேப்பீங்க. அந்த ஆராய்ச்சி உண்மை. 2010-ல் அமெரிக்காவில் 65 பேரிடம் ஆறு வாரம் நடத்தினது, மேல் அழுத்தம் ஏழு புள்ளி போலக் குறைஞ்சது. ஆனா கொடுத்தது ரோசெல் புல்லிவட்டத் தேநீர். முன்னாடி சொன்னேனே, 72 குரோமோசோம் சொந்தக்காரி. புளிச்சக்கீரை கடைசல் இல்லை. இதைப் பார்த்துட்டு மாத்திரையை நிறுத்தறவங்க ஒவ்வொரு மாசமும் வர்றாங்க.

கல் விஷயம். புளிச்சையில் ஆக்சலேட் உண்டு. ஏற்கனவே ஆக்சலேட் கல் வந்தவங்க குறைச்சுக்கணும். மத்தவங்க வாரம் ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. வேகவைச்ச தண்ணியை வடிச்சா ஆக்சலேட்டில் ஒரு பகுதி அதோட போகும். தயிரோட சாப்பிட்டா கால்சியம் குடலிலேயே அதைப் பிடிச்சுக்கும். கல்லுன்னதும் பால் தயிரை நிறுத்தறது தப்பு. நம்ம ஊர் வெயிலில் கல்லுக்கு முதல் காரணம் தண்ணி பத்தாதது. ஒண்ணுக்குப் போறது நாளுக்கு ரெண்டு லிட்டருக்குக் குறையக்கூடாது, அந்த அளவுக்குக் குடிங்க. கிட்னி செயலிழப்பு இருக்கிறவங்க, ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடறவங்க, எந்தக் கீரையா இருந்தாலும் உங்க டாக்டரைக் கேட்டுக்குங்க. இன்னொண்ணு, புளிப்புக் கீரையை ஈயம் பூசாத பித்தளையிலோ அலுமினியத்திலோ வேகவைக்காதீங்க, உலோகம் கரையும். அம்மாயி மண்சட்டியில் கடைஞ்சது ருசிக்காக மட்டும் இல்லை.

பெரியவருக்குக் கல் புரட்டாசியில் தானா விழுந்துருச்சு. போன ஞாயிறு காலையில் அவர் காட்டுக்குப் போயிருந்தேன், வரச் சொல்லி ரெண்டு தடவை போன் பண்ணினார். வேலியோரம் இருபது முப்பது புளிச்சைச் செடி, என் தலைக்கு மேல ஒரு முழம். எல்லாம் பூத்து நின்னுது. கீரை வேண்டாம்னு நான் சொன்னதால ஆடியில் போட்டதை யாரும் கிள்ளாம விட்டிருக்காங்க. வெளிர் மஞ்சள், நடுவில் அந்தக் கருஞ்சிவப்பு. நாப்பத்தாறு வருஷம் சாப்பிட்ட செடியின் பூவை அன்னிக்குத்தான் பார்த்தேன். அவர் பேத்தி, பிளஸ் ஒன் படிக்கிறாள், வெண்டைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தாளாம்.

ஒரு தண்டை வெட்டி, பட்டையை மேலேயிருந்து கீழ்வரை ஒரே இழுப்பில் உரிச்சார். ஊறவைக்காத பச்சைப் பட்டை. திண்ணையில் உட்கார்ந்து தொடையில் வைச்சு உருட்டினார். அம்பது வருஷமாச்சுங்க என்றார். கை மறக்கலை, மூணு நிமிஷத்தில் ஒரு முழக் கயிறு. பக்கத்தில் எளசாத் தனியாப் போட்டிருந்த பாத்தியிலிருந்து ஒரு கட்டுக் கீரையைப் பிடுங்கி, அந்தக் கயித்திலேயே கட்டி, என் வண்டிக் கொக்கியில் மாட்டினார்.

"எனக்குத்தானுங்க கல்லு. உங்களுக்கென்னுங்க, கொண்டுபோயி கடையச் சொல்லுங்க."